மார்க் ஆண்டனிய கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு ரகுவரன் படங்கள பாப்போமா

தமிழ் சினிமாவோட டாப் டென் வில்லன்னு யாரு லிஸ்ட் போட்டாலும் நம்பியார், பி.எஸ்.வீரப்பா, எம்.ஆர்.ராதா வரிசைல ரகுவரன் பேரு வந்துடும், பேருக்கு பக்கத்துல பாட்ஷால அவரு பண்ண வில்லன் மார்க் ஆண்டனியோட ஸ்டில்லும் வந்துடும். எனக்கு அந்த ஸ்டில்ல பாத்தாலே இப்பல்லாம் ஒரு கடுப்பு. படத்து மேல கடுப்பு இல்லங்க, பாட்ஷா எத்தன தடவை டிவில போட்டாலும் உக்காந்து பாக்கற ஆளு தான் நானு. ஆனா அந்த ஒரு படத்தால அவரு பண்ண மத்த வேலைல பாதிய ஜனங்க மறந்தே போயிட்டாங்க. இப்ப காலேஜ் படிக்கற பசங்க கிட்ட ரகுவரன்னு சொன்னா 2014ல வந்த வேலையில்லா பட்டதாரில தனுஷோட பேருங்கறாங்க, மார்க் ஆண்டனின்னா 2023ல வந்த விஷால் படங்கறாங்க. ஒரு நடிகனோட பேரும் அவன் பண்ண கேரக்டர் பேரும் தனித்தனியா அடுத்த தலைமுறைக்கு போய் சேந்துருக்கு, நடுவுல அந்த ஆள மட்டும் காணோம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு தான். ரகுவரன் பண்ணதுல உருப்படியானது எல்லாமே வீட்டுக்குள்ள நடக்கற சமாச்சாரம். ஹால், சோபா, பெட்ரூம் கதவு, சாப்பாட்டு மேஜை, மாச செலவு கணக்கு, இதுக்கு நடுவுல அந்த ஆறடி உயரத்த கொண்டு வந்து விட்டீங்கன்னா அப்ப தான் நமக்கு வயித்துல ஒரு மாதிரி பண்ணும். அதே ஆளுக்கு கோட்டு மாட்டி, சுத்தி அம்பது அடியாள நிக்க வெச்சு, குடோன்ல நாலு ட்ரம்ம உருட்டி விட்டா அவரு ஸ்டைலா நிப்பாரு, அவ்ளோ தான். அப்படி நின்ன படங்கள் தான் ஜாஸ்தி, அதான் பிரச்சனையே.

முதல்ல இருந்து வர்றேன். பொறந்தது பாலக்காட்டு பக்கம் கொல்லங்கோடு, 1958 டிசம்பர். வளந்தது கோயம்புத்தூர். அடையாறு பிலிம் இன்ஸ்டிட்யூட்ல நடிப்பு படிச்சுட்டு 1982ல கே.ஹரிஹரன் எடுத்த ஏழாவது மனிதன்ல ஹீரோ. படத்துல பாட்டு பூரா பாரதியார் பாட்டு, எல்.வைத்தியநாதன் மியூசிக், காக்கைச் சிறகினிலே ஞாபகம் இருக்குமே, அது இந்த படம் தான். அந்த வருஷம் சிறந்த தமிழ் படத்துக்கான தேசிய விருதும் இதுக்கு தான் கெடைச்சுது. இதுல ரகுவரன் ஒரு இன்ஜினியர், ஊர அடக்கி வெச்சுருக்கற ஃபேக்டரி முதலாளிய எதுத்து நிக்கற பையன். ஒல்லியா, தாடை எலும்பு துருத்திக்கிட்டு, கண்ணு மட்டும் பெருசா இருப்பாரு. நல்லா தான் பண்ணியிருக்காரு, இல்லேன்னு சொல்லல, ஆனா கோவக்கார இளைஞன் அப்ப தமிழ்ல நெறைய பேரு இருந்தாங்க, இவருக்குன்னு தனியா ஒரு அடையாளம் இந்த படத்துல கெடைக்கல. அடுத்த வருஷமே ஸ்ரீதரோட ஒரு ஓடை நதியாகிறது. தென்றல் என்னை முத்தமிட்டது பாட்டு எல்லாருக்கும் தெரியும், அதுல யாரு நடிச்சாங்கன்னு கேட்டா பாதி பேருக்கு தெரியாது. காதல் ஹீரோவா அவர மனசு ஏத்துக்கலங்க. பொண்ண பாத்து சிரிக்கும் போது கூட இவன் மனசுல என்னமோ வேற ஓடுதேன்னு தோணும். அந்த ‘வேற என்னமோ’ தான் பின்னாடி அவருக்கு சோறு போட்டுச்சு.

1986ல விசு படம். சம்சாரம் அது மின்சாரம்.

இத பத்தி கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா என்ன பொறுத்தவரைக்கும் ரகுவரன்ங்கற நடிகன் பொறந்தது இங்க தான். ஏ.வி.எம். படம், ஜனரஞ்சக படத்துக்கான தேசிய விருது வாங்குன படம், எல்லாரும் விசுவோட வசனத்தையும், லட்சுமியையும், மனோரமா வந்து கிஷ்மு கிட்ட கத்தற அந்த சீனையும் பத்தி தான் பேசுவாங்க. ஆனா கதைய தூக்கி நிறுத்தறது மூத்த பையன் சிதம்பரம். அவன் என்ன பண்றான் சொல்லுங்க? யாரையும் கொல்லல, யாரையும் கடத்தல. கணக்கு பாக்கறான். நான் இவ்ளோ சம்பாதிக்கறேன், இந்த வீட்டுக்கு இவ்ளோ குடுக்கறேன், எனக்கு இவ்ளோ தான் செலவு ஆகுது, அப்ப நான் எதுக்கு ஜாஸ்தி குடுக்கணும், இவ்ளோ தான் அவன் கேக்கறது. கணக்குல பாத்தா அவன் சொல்றது தப்பும் கெடையாது, அது தான் அந்த கேரக்டரோட விஷம். வேற நடிகரா இருந்தா அந்த வசனத்த பேசும் போது நான் கெட்டவன்னு நமக்கு ஒரு சிக்னல் குடுத்துருப்பாரு, கண்ண உருட்டுவாரு, இல்ல ஒரு ஏளன சிரிப்பு சிரிப்பாரு. ரகுவரன் ஒண்ணுமே பண்ணல. பேங்க்ல சலான் எழுதற மாதிரி பேசுவாரு. அப்பாவுக்கு கோவம் தலைக்கு ஏற ஏற இவரு குரல் எறங்கிட்டே போகும். அதுக்கப்புறம் வீட்டு நடுவுல கோடு போடறாங்க, அந்த பக்கம் அவன், இந்த பக்கம் குடும்பம், அந்த கோடு நம்ம ஊர்ல எத்தன வீட்டு ஹால்ல கண்ணுக்கு தெரியாம இருந்துச்சுன்னு அந்த படம் ஓடுன ஓட்டத்த பாத்தாலே தெரியும். எங்க சொந்தத்துலயே மாசா மாசம் காசு எண்ணி குடுக்கற அண்ணன யாராச்சும் திட்டணும்னா வந்துட்டாரு பாரு சிதம்பரம்னு சொல்ற பழக்கம் ரொம்ப வருஷம் இருந்துச்சு. மார்க் ஆண்டனின்னு யாரும் யாரையும் திட்டுனதில்ல.

கடைசில சிதம்பரத்தோட பொண்டாட்டியா வர்ற லட்சுமி சேந்து இருக்க மாட்டேன்னு சொல்ற சீன்லயும் அவர கவனிங்க. பேச்சு பூரா அந்தம்மாவுது. இவரு பக்கத்துல நிக்கறாரு, தோத்துட்டவன் முகம், ஆனா முழுசா திருந்துனவன் முகமும் இல்ல. அந்த அரைகுறை தான் நெசம், வீட்ல யாரு முழுசா திருந்துறா?

இதே சமயத்துல தூர்தர்ஷன்ல ஒரு மனிதனின் கதைன்னு ஒரு தொடர் வந்துச்சு, சிவசங்கரி எழுதுனது. தியாகுன்னு ஒருத்தன் குடிப்பழக்கத்துல மாட்டி கொஞ்சம் கொஞ்சமா அழியற கதை. தமிழ் சினிமால குடிகாரன்னா தள்ளாடணும், நாக்கு குழறணும், ஒரு தத்துவ பாட்டு பாடணும். இவரு அந்த வழில போகல. குடிக்காத நேரத்துல இருக்கற பதட்டத்த பண்ணியிருந்தாரு, கை எங்க வெக்கறதுன்னு தெரியாம இருக்கறது, பொண்டாட்டி கண்ண பாக்காம பேசறது, நாளைல இருந்து விட்டுடறேன்னு சொல்லும் போதே அவனுக்கே அது பொய்ன்னு தெரிஞ்சுருக்கறது. இந்த தொடர அவரோட சொந்த வாழ்க்கையோட முடிச்சு போட்டு பேசறவங்க நெறைய பேரு இருக்காங்க. எனக்கு அந்த பேச்சு பிடிக்கறதில்ல. நல்லா நடிச்சா அவன் அனுபவிச்சதுன்னு சொல்லிடறது, அப்ப அந்த ஆளு கத்துக்கிட்டு வந்த தொழிலுக்கு என்ன மரியாத?

சரி அடுத்தது 1990. என்னா வருஷங்க அது அவருக்கு. புரியாத புதிர், அஞ்சலி ரெண்டும் அந்த வருஷம் தான். ஒண்ணுல பொண்டாட்டிய சித்ரவத பண்ற புருஷன், இன்னொண்ணுல குடும்பத்துக்காக உள்ளுக்குள்ளயே வெந்து சாகற புருஷன். ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி, ஒரே குரல், மேக்கப்ல கூட பெரிய வித்தியாசம் கெடையாது.

புரியாத புதிர் கே.எஸ்.ரவிகுமாரோட முதல் படம், கன்னடத்துல வந்த தர்க்காவோட ரீமேக். ரகுமான், ரேகா, சரத்குமார்னு எல்லாரும் இருக்காங்க, ஆனா படம்னு சொன்னா ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது ஐ நோ ஐ நோ மட்டும் தான். சந்தேக புத்தி புடிச்ச ஒரு பணக்கார புருஷன், பொண்டாட்டி என்ன சொன்னாலும் ஐ நோ. அதையே திரும்ப திரும்ப சொல்றாரு, ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி. ஒண்ணு சிரிப்பா வரும், ஒண்ணு கேள்வியா வரும், ஒண்ணு கெஞ்சற மாதிரி வரும், ஒண்ணு அப்படியே அடிக்கற மாதிரி வரும். மிமிக்ரி பண்றவங்க முப்பது வருஷமா இத வெச்சு தான் பொழப்பு ஓட்டுறாங்க, தொண்டைய கட்டிக்கிட்டு ஐ நோன்னு சொன்னா உடனே கைதட்டு. ஆனா யாரும் நடுவுல விடற கேப்ப பண்றதே இல்ல. ரெண்டு ஐ நோவுக்கு நடுவுல அவரு ரேகா முகத்த பாக்கற ஒரு பார்வை இருக்கு பாருங்க, தான் சொன்னது அவள எந்த அளவுக்கு குத்துச்சுன்னு செக் பண்ணிட்டு அடுத்தத எடுக்கற பார்வை. அது மிமிக்ரில வராது. படமா பாத்தா சுமாரான த்ரில்லர் தான், முடிச்சு அவிழற எடத்துல எல்லாம் ரொம்ப பேசுவாங்க, காமெடி ட்ராக்க தள்ளி விட்டு பாக்கலாம். ஆனா அந்த வீட்டுக்குள்ள ரேகாவும் இவரும் மட்டும் இருக்கற சீன்கள் இன்னைக்கும் பாக்க முடியல, அவ்ளோ பயமா இருக்கு. அப்ப இத சைக்கோன்னு சொல்லி தனியா ஒதுக்கி வெச்சோம். பக்கத்து வீடுகள்ல சத்தமில்லாம இது தான் நடந்துச்சுன்னு பொம்பளைங்களுக்கு தெரிஞ்சுருக்கும்.

அஞ்சலி. மணிரத்னம், இளையராஜா, மது அம்பாட், குட்டி ஷாமிலி, அப்பார்ட்மெண்ட் பூரா பொடிசுங்க, இதெல்லாம் தான் போஸ்டர். ரகுவரன் சேகர்ங்கற அப்பா. மூணாவது குழந்தை பொறக்கும் போதே இறந்துடுச்சுன்னு பொண்டாட்டி கிட்ட சொல்லிட்டு, ரொம்ப நாள் தாங்காதுன்னு டாக்டருங்க சொன்ன அந்த குழந்தைய வேற எடத்துல வெச்சு ரகசியமா போய் பாத்துட்டு வர்றவன். ரேவதிக்கு சந்தேகம் வருது, வேற பொம்பளையோட தொடர்பு இருக்கோன்னு. இந்த முதல் பாதி வேலைய யோசிச்சு பாருங்க. கதை தெரியாம பாக்கற நமக்கும் இவன் தப்பு பண்றானோன்னு தோணணும், உண்மை தெரிஞ்சப்புறம் பின்னாடி திரும்பி யோசிச்சா ஒவ்வொரு முழிப்பும் அந்த குழந்தைக்காகன்னு புரியணும், ஒரே நடிப்பு ரெண்டுக்கும் பொருந்தி வரணும். இங்க தான் அந்த காஸ்டிங்கோட புத்திசாலித்தனம். அதுக்குள்ள நாலஞ்சு வருஷம் அவர வில்லனா பாத்துட்டோம் இல்ல, லேட்டா வீட்டுக்கு வந்து ஷூ கழட்டுனா கூட நமக்கு ஒரு டவுட்டு வருது. மோகனோ கார்த்திக்கோ பண்ணியிருந்தா ஒரு செகண்டு கூட சந்தேகப்பட்டுருக்க மாட்டோம், சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு விட்டுருப்போம்.

குழந்தைய வீட்டுக்கு கொண்டு வந்தப்புறம் இன்னும் நுணுக்கமா ஒண்ணு பண்ணியிருப்பாரு. அஞ்சலிக்கு அப்பாவ தான் தெரியும், அம்மா புதுசு. ரேவதி அழுகை, தவிப்பு எல்லாம் வெளிப்படையா இருக்கும், பெரிய நடிப்பு, அருமையான நடிப்பு. இவரு ஓரமா போயிடுவாரு. தன் கிட்ட வர்ற குழந்தைய அம்மா பக்கம் தள்ளி விடணும், அதே சமயம் தூக்கிக்கவும் மனசு துடிக்குது, ரெண்டையும் முதுக வெச்சே பண்ணியிருப்பாரு. அந்த படத்துக்கு தேசிய விருதெல்லாம் வந்துச்சு, பசங்களுக்கும் விருது வந்துச்சு, ரகுவரன பத்தி யாரும் பெருசா எழுதல. ஓரமா நிக்கற நடிகனுக்கு நம்ம ஊர்ல விருது குடுக்க மாட்டாங்க.

இப்ப நீங்க கேப்பீங்க, அப்ப பவானி? அப்ப ஆண்டனி? வர்றேன்.

பவானி தான் என் வாதத்துக்கு பலமான சாட்சின்னு நான் சொல்வேன். 1989ல ராம் கோபால் வர்மாவோட முதல் படம் சிவா, தெலுங்கு, நம்ம ஊர்ல உதயம்னு டப்பிங்ல வந்து சக்கபோடு போட்டுச்சு. நாகார்ஜுனா சைக்கிள் செயின் உருவுற சீன் தான் ஃபேமஸ், அதுக்கப்புறம் எத்தன காலேஜ்ல எத்தன சைக்கிள் செயின் அறுந்துச்சோ. அதுல பவானி ரவுடிங்களுக்கெல்லாம் தலைவன், ஆனா பெரும்பாலும் அவன நாம பாக்கறது வீட்ல. வெளிச்சம் கம்மியா இருக்கற ரூம், சுத்தி நாலு பேரு, அவன் மெதுவா பேசறான். அதுக்கு முன்னாடி வரைக்கும் தெலுங்கு வில்லன்னா கர்ஜனை, தொடை தட்டல், சிவப்பு லைட்டு. இந்த ஆளு ஆபீஸ் மேனேஜர் மாதிரி வேலைய பிரிச்சு குடுக்கறான், கொலையும் அதுல ஒரு வேலை. வர்மா அதுக்கப்புறம் எடுத்த நெழலுலக படங்களுக்கெல்லாம் பிள்ளையார் சுழி இந்த பவானி தான்னு எனக்கு தோணும். ஹிந்தில மறுபடி எடுத்தப்ப ஹீரோ ஹீரோயினோட சேத்து பவானியையும் மாத்தாம ரகுவரனையே போட்டாங்க, அதுலயே தெரியும் சங்கதி.

மார்க் ஆண்டனி வேற கதை. 1995 பொங்கலுக்கு பாட்ஷா. சுரேஷ் கிருஷ்ணாவுக்கு தெரியும், மாணிக் பாட்ஷான்னு ஒரு மலைய கட்டுனா எதுத்தாப்ல நிக்கற ஆளு சும்மா இருக்க கூடாதுன்னு. ரகுவரன் போட்டது சரியான முடிவு, ரஜினி சத்தமும் ஸ்பீடும்னா இவரு அமைதியும் நிதானமும், தராசு சரியா நிக்குது. ஆனா நேர்மையா சொல்லுங்க, எழுத்துல ஆண்டனிக்கு என்ன இருக்கு? ஃப்ளாஷ்பேக்ல கொஞ்சம் சீன், ஜெயில்ல இருந்து தப்பிச்சு வந்தப்புறம் கொஞ்சம் சீன். அவன் ஏன் இப்படி, அவனுக்கு என்ன வேணும், வீட்ல யாரு, ஒண்ணும் கெடையாது. ஆடை அலங்காரமும், தேவாவோட பின்னணியும், இவரு குரலும் சேந்து ஒரு உருவத்த பண்ணிடுச்சு. உருவம் பெருசு தான், ஆனா அது ஸ்டைலு. நடிப்புக்கு உதாரணம் கேட்டா நான் சிதம்பரத்த தான் காட்டுவேன்.

ரஜினியோட அவரு பண்ண மத்தது எல்லாம் இன்னும் மோசம். மனிதன், ஊர்க்காவலன், சிவா (இது ரஜினியோட தமிழ் படம், பவானி வர்ற தெலுங்கு படம் இல்ல), ராஜா சின்ன ரோஜா, அப்புறம் முத்துல கொஞ்ச நேரம், அருணாச்சலம். அருணாச்சலத்துல முப்பது நாள்ல முப்பது கோடி செலவு பண்ணி முடிக்க விடாம சதி பண்ற கோஷ்டில அவரு ஒருத்தர், கோட்டு போட்டுக்கிட்டு வந்து பல்ல கடிச்சுட்டு போறாரு, யாரு வேணா பண்ணியிருக்கலாம். காதலன்ல கூட குண்டு வெக்கற மல்லிகார்ஜுனா, அந்த படத்துல கிரீஷ் கர்னாடுக்கு கெடைச்ச சீன்ல பாதி கூட இவருக்கு இல்ல. மைக்கேல் ராஜ் மாதிரி ஹீரோவா பண்ண ஆக்‌ஷன் படங்கள பத்தி பேசவே வேணாம். தொண்ணூறுகள் நடுவுல ஒரு படத்துக்கு வில்லன் தேவைன்னா ரகுவரனுக்கு போன் போடு, எழுதறதெல்லாம் தேவையில்ல, அவரு வந்து முறைச்சா போதும்னு ஆயிடுச்சு. அவரும் ஒத்துக்கிட்டு போய் முறைச்சுட்டு வந்தாரு. டைரக்டருங்கள மட்டும் குத்தம் சொல்லி இவர விட்டுட முடியாது.

அந்த முறைக்கற வரிசைல இருந்து தப்பிச்சது முதல்வன். 1999, அரங்கநாதன்ங்கற முதலமைச்சர். அந்த பேட்டி சீன் இருக்கே, அத நான் யூடியூப்ல எத்தன தடவை பாத்துருப்பேன்னு கணக்கே கெடையாது. ஷங்கர் படத்துல பிரம்மாண்டம் பிரம்மாண்டம்ங்கறாங்க, அந்த படத்துலயே பெரிய விஷயம் ரெண்டு நாற்காலி, ரெண்டு ஆளு, கேமரா. ஆரம்பத்துல முதலமைச்சர் ஜாலியா இருக்காரு, இந்த டிவி பையன் என்ன கேட்டுட போறான்னு ஒரு தெனாவட்டு. கேள்வி கொஞ்சம் உறைக்குது, சிரிப்பு அப்படியே இருக்கு ஆனா கண்ணு நின்னு போச்சு. கலவரத்தப்ப போலீசுக்கு என்ன ஆர்டர் போட்டாருங்கறது பதிவு ஆயிருக்குன்னு அந்த டிவி பையன் புகழேந்தி எடுத்து விட்டதும் முகத்துல ரத்தம் எறங்கற மாதிரி ஒரு மாத்தம். அப்புறம் அந்த கோவம், ஒரு நாள் நீ உக்காந்து பாருடான்னு சவால். கவனிச்சீங்கன்னா கோவத்துக்குள்ள ஒரு நெஜமான வருத்தம் இருக்கும், இந்த நாற்காலியோட கஷ்டம் உனக்கு என்னடா தெரியும்னு ஒரு சுய இரக்கம், அது போலி இல்ல, அரங்கநாதன் அத மனசார நம்பறான். இதே கதைய ஷங்கரே ஹிந்தில நாயக்னு எடுத்தப்ப அமரீஷ் பூரி பண்ணாரு. பெரிய நடிகர் தான், ஆனா அவரு முதல் கேள்வில இருந்தே வில்லன். ரகுவரன் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு முதலமைச்சரா உக்காந்துருந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டாவது பாதில அரங்கநாதன அடியாள் அனுப்பற சாதா வில்லனா ஆக்கிட்டாங்க, குண்டு வெக்கறது, வீட்ட தாக்கறதுன்னு. பேட்டி குடுத்த ஆளா இதுன்னு தோணும்.

இனிமே அப்பா, அண்ணன் பக்கம். இதுல தான் நெறைய பேரு என்னோட ஒத்துப்பீங்கன்னு நெனைக்கறேன்.

1997ல லவ் டுடே. விஜய்க்கு அப்பா. ரெண்டு பேருக்கும் பதினாறு வயசு கூட முழுசா வித்தியாசம் கெடையாது, அந்த கொடுமைய நம்ம சினிமால மட்டும் தான் பாக்க முடியும். டாக்டர், பையனோட ஃப்ரெண்டு மாதிரி பழகற அப்பா. அந்த ‘ஃப்ரெண்டு அப்பா’ டைப் அதுக்கப்புறம் ஆயிரம் படத்துல வந்து சலிச்சு போச்சு, பீர் பாட்டில குடுத்துட்டு மச்சிங்கற அப்பா எல்லாம் வந்தாச்சு. இவரு பண்ணதுல ஒரு மரியாத இருந்துச்சு. பையன் பொண்ணு பின்னாடி சுத்தறான்னு தெரியும், திட்டல, ஆனா கவலைப்படறது கண்ணுல தெரியும். அவரு செத்து, புள்ள கொள்ளி வெக்க கூட வராம போறது தான் படத்தோட திருப்பம். அந்த அடி நமக்கு விழுதுன்னா அதுக்கு முன்னாடி அந்த ஆளு சேத்து வெச்ச பிரியம் தான் காரணம், விஜய் அழுதது இல்ல.

அதே வருஷம் நேருக்கு நேர், சூர்யாவோட முதல் படம், எல்லாரும் விஜயையும் சூர்யாவையும் பாத்தப்ப பிரிஞ்சு வாழற புருஷன் பொண்டாட்டியா ரகுவரனும் சாந்தி கிருஷ்ணாவும் தனியா ஒரு படம் ஓட்டிட்டு இருந்தாங்க. உல்லாசம்னு இன்னொண்ணு, அஜித்தும் விக்ரமும். அதுல ஒருத்தனுக்கு அப்பா எஸ்.பி.பி., நல்லவரு, பஸ் ஓட்டறவரு, இன்னொருத்தனுக்கு அப்பா ரகுவரன், தாதா. பசங்க ரெண்டு பேரும் அடுத்தவன் அப்பா பக்கம் போறாங்க. ஐடியா எவ்ளோ அருமை பாருங்க, படம் தான் கைவிட்டுடுச்சு. தாதாவும் அப்பாவும் ஒரே உடம்புல இருக்கற ஒரு கதை இவருக்கு கெடைச்சும் பாட்டுலயும் சண்டைலயும் கரைஞ்சு போனது எனக்கு இன்னும் ஆறல.

முகவரி 2000ல. அஜித்துக்கு அண்ணன். மியூசிக் டைரக்டர் ஆகணும்னு அலையற தம்பிக்கு முதுகெலும்பா நிக்கற அண்ணன். இங்க சம்சாரத்து சிதம்பரத்த ஞாபகம் வெச்சுக்கிட்டு பாருங்களேன். அதே மாதிரி சம்பாதிக்கற மூத்த பையன், அதே மாதிரி ஒரு நடுத்தர வீடு, ஆனா இவன் கணக்கே பாக்கறதில்ல. ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா ஒரே நடிகன் பதினாலு வருஷம் கழிச்சு தன் பழைய பாவத்துக்கு பரிகாரம் பண்ற மாதிரி இருக்கும். தம்பி தோத்துட்டு வரும் போது ஆறுதல் சொல்ற சீன்ல அவரு குரல் இருக்கே, மார்க் ஆண்டனி மிரட்டுன அதே அடித்தொண்டை தான். சொல்லப்போனா படத்த விட அந்த அண்ணன் பெரிய ஆளு.

ரன் படத்துல மாதவனுக்கு அக்கா புருஷன், சின்ன வேஷம் தான், அதுலயும் மச்சான் என்னமோ மறைக்கறான்னு கண்டுபிடிச்சுட்டு கேக்காம விடற அந்த பக்குவத்த பாக்கலாம். சிவாஜில டாக்டர், வந்தாரு போனாரு.

அப்புறம் யாரடி நீ மோகினி. 2008 மார்ச் 19ல அவரு போயிட்டாரு, 49 வயசு தான். படம் ஏப்ரல்ல வந்துச்சு. தியேட்டர்ல அவரு முகம் வந்தப்ப கைதட்டலும் விசிலும் கலந்து ஒரு மாதிரி இருந்துச்சு. தனுஷுக்கு அப்பா, வாத்தியார், வேலை இல்லாத புள்ளைய திட்டிக்கிட்டே இருக்கறவரு. முதல்ல ரெண்டு பேருக்கும் ஆகாது. அப்புறம் புள்ள ஒரு பொண்ண உயிரா நேசிக்கறான்னு தெரிஞ்சதும் அவரே அவனுக்காக நயன்தாரா கிட்ட பேச போறாரு. போற எடத்துல அவரு கன்னத்துல அறை விழுது. அதுக்கப்புறம் அவரு என்ன பண்றாருன்னு பாருங்க. ஒரு சாதாரண வாத்தியாருக்கு நடு ரோட்ல அவமானம், பக்கத்துல பெத்த புள்ள நிக்கறான். கோவப்படல, அழல. புள்ள மனசு கஷ்டப்பட கூடாதுன்னு ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்க ட்ரை பண்றாரு. அன்னைக்கு ராத்திரியே அந்த அப்பா செத்துடறாரு. இத எழுதுனது செல்வராகவன், எடுத்தது மித்ரன் ஜவஹர், ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லணும், ஏன்னா கடைசி காலத்துல அவருக்கு ஒழுங்கா ஒரு வீட்டையும் ஒரு புள்ளையையும் குடுத்தாங்க.

இன்னொண்ண சொல்லாம விட முடியாது, தமிழ் இல்ல, மலையாளம். 1992ல லெனின் ராஜேந்திரன் எடுத்த தைவத்தின்டெ விக்ருதிகள், எம்.முகுந்தனோட நாவல். மாஹேல நடக்கற கதை. நம்ம பாண்டிச்சேரியோட சேந்த ஊரு தான் மாஹே, கேரளாவுக்குள்ள இருக்கற குட்டி பிரெஞ்சு ஊரு. 1954ல பிரெஞ்சுக்காரங்க கெளம்பி போறாங்க, அவங்களோட வம்சா வழி ஆளுங்களும் கப்பல் ஏறுறாங்க, அல்போன்ஸோன்னு ஒரு மேஜிக்காரன் மட்டும் இந்த மண்ண விட்டு போக மாட்டேன்னு இருந்துடறான். அவன் தான் ரகுவரன், மனைவி ஸ்ரீவித்யா. காசு இல்லாம, மேஜிக்க பாக்க ஆளும் இல்லாம, வீடு கொஞ்சம் கொஞ்சமா காலியாகுது. ஊருக்கு வித்தை காட்டி அசத்துன ஆளு சொந்த வீட்ல ஒண்ணையும் மாத்த முடியாம நிக்கறான். வேகமான படம் கெடையாது, பொறுமை வேணும். ஆனா ரகுவரன் எவ்ளோ தூரம் போக கூடிய நடிகன்னு தெரியணும்னா இத பாத்தே ஆகணும். தமிழ்ல அவருக்கு கோட்டு தச்சு குடுத்துட்டு இருந்த அதே வருஷங்கள்ல பக்கத்து ஸ்டேட்ல ஒருத்தர் அவர நம்பி ஒரு முழு படத்த தோள்ல வெச்சாரு, அது நமக்கு கொஞ்சம் வெக்கக்கேடு தான்.

ஆக என் வரிசை இது, சண்டை போடறவங்க தாராளமா போடுங்க. முதல் எடம் சிதம்பரத்துக்கும் அல்போன்ஸோவுக்கும், பிரிக்க மனசு வரல. அடுத்து அஞ்சலி சேகர். அப்புறம் பவானி, அரங்கநாதனோட அந்த பேட்டி மட்டும், யாரடி நீ மோகினி அப்பா, முகவரி அண்ணன். ஐ நோ புருஷன் அதுக்கப்புறம், அது அவரு தப்பு இல்ல, படம் கொஞ்சம் வீக்கு. மார்க் ஆண்டனிக்கு ஒம்பதாவது எடம் குடுக்கறேன், அதுவும் பாட்ஷாங்கறதால. புதுசா ஆரம்பிக்கறவங்க சம்சாரம் அது மின்சாரத்த போட்டுட்டு அடுத்த நாளே முகவரி பாருங்க, அருணாச்சலத்த அவருக்காகன்னு யாரும் பாக்காதீங்க.